ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாசிக்க எதைக் குடுக்கலாம்: புதுசா வர்ற டீச்சர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்த வருசம் மொத தடவையா ஹைஸ்கூல் இங்கிலீஷ் எடுக்கப் போறவங்க, பிஆர்சில (வட்டார வள மையத்துல) புதுசா சேந்த ஸ்பெஷல் எஜுகேட்டர், சாயங்காலம் டியூஷன் சென்டருக்கு வாலண்டியரா வர்ற காலேஜ் பிள்ளைக, உங்க எல்லாத்துக்கும் சேத்துத்தான் இதை எழுதுறேன். டெக்ஸ்ட்புக் இருக்குல்ல, அது போதாதான்னு கேப்பீங்க. டிஸ்லெக்ஸியா (எழுத்துக்கூட்டி வாசிக்கிறதுல சிரமம்) இருக்குற பிள்ளை, ஆட்டிசம் இருக்குற பிள்ளை, காது கேக்காத பிள்ளை, ஒரு இடத்துல அஞ்சு நிமிசம் உக்கார முடியாத பிள்ளை, இவங்களுக்கெல்லாம் டெக்ஸ்ட்புக்கோட சேத்து வேற ஏதாச்சும் வாசிக்கக் குடுத்தே ஆகணும். நம்ம என்ன பண்றோம்னா, வாசிக்கத் தெரியலையா, சரி, இந்தா ரெண்டாம் வகுப்பு புக்குன்னு கையில குடுத்துர்றோம். ஒம்பதாவது படிக்கிற பையன், மீசை அரும்பிருச்சு, அவன் கையில பூனைக்குட்டி படம் போட்ட புக்கக் குடுத்தா பக்கத்துல இருக்குறவன் பாக்குறதுக்குள்ள டெஸ்க்குக்கு அடியில தள்ளிருவான், அதோட இங்கிலீஷே தனக்கு வேணாம்னு முடிவும் பண்ணிருவான். விஷயம் அவன் வயசுக்கு இருக்கணும், மொழி அவன் வாசிப்புக்கு இருக்கணும். இந்த ரெண்டையும் சேத்துப் பிடிக்கிறதுதான் நம்ம வேலை, எங்க மதுரைப் பக்கம் ஸ்கூல்கள்ல இதை எப்படிச் செய்யலாம்னு வரிசையா சொல்றேன்.

மொதல்ல பிள்ளை, அப்புறம் சர்டிபிகேட்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு சொல்லிருக்காங்க, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதுல உண்டு. சர்டிபிகேட் இருந்தா பரிட்சையில கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுற ஸ்க்ரைப், மொழிப்பாட விலக்கு மாதிரி சலுகைக்கு உதவும், அதனால கண்டிப்பா வாங்க வைங்க. ஆனா அதைப் பாத்து எந்தக் கதைய குடுக்கலாம்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. அதுக்கு நீங்க பிள்ளை பக்கத்துல உக்காரணும்.

ஒரு 100 வார்த்தை அளவுக்கு ஒரு பத்தி எடுத்துக்கங்க. வகுப்பு முன்னாடி வேணாம், வராண்டாவுலயோ லைப்ரரி மூலையிலயோ தனியா கூப்ட்டு வாசிக்கச் சொல்லுங்க. எங்க நிக்குது, எந்த வார்த்தைய பாதி பாத்துட்டு ஊகிக்குது, எந்த வரிய விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவுதுன்னு பென்சில்ல குறிச்சுக்கங்க, திருத்தாதீங்க. அடுத்து அதே மாதிரி இன்னொரு பத்திய நீங்க வாசிச்சுக் காட்டி, என்ன புரிஞ்சுச்சுன்னு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. இந்த ரெண்டாவது பாதிய நிறைய பேரு விட்டுர்றாங்க, ஆனா பாதி விடை அதுலதான் இருக்கு. தானா வாசிச்சா திணறுது, நீங்க வாசிச்சா கதைய அப்படியே சொல்லுதுன்னா சிக்கல் எழுத்துலதான், புத்தியில இல்ல. அந்தப் பிள்ளைக்கு விஷயத்தக் குறைக்கவே கூடாது, ஆடியோவும் நல்ல பிரிண்ட்டும் குடுத்தா போதும். நீங்க வாசிச்சாலும் புரியலன்னா இங்கிலீஷ் வார்த்தைகளே இன்னும் பழகலன்னு அர்த்தம். மடமடன்னு தப்பில்லாம வாசிச்சுட்டு ஒண்ணுமே சொல்லத் தெரியலன்னா அது வேற வகை. ஆட்டிசம் இருக்குற சில பிள்ளைக கிட்ட இதப் பாக்கலாம், அவங்க கதைக்குள்ள யாரு என்ன நெனைக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கத்தான் உதவி கேக்குறாங்க.

தமிழ்லயும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்க. தமிழ்ல எழுத்துக்கும் சத்தத்துக்கும் பெருசா சண்டை இல்ல, இங்கிலீஷ்ல ஒரே எழுத்து நாலு சத்தம் போடும், அதனால தமிழ்ல ஓரளவு தட்டுத்தடுமாறிச் சமாளிக்கிற பிள்ளை இங்கிலீஷ்ல மொத்தமா உக்காந்துரும். ரெண்டுலயும் ஒரே மாதிரி திணறுனா ஸ்பெஷல் எஜுகேட்டர் கிட்ட வெரசா சொல்லுங்க. வீட்டுல என்ன பேசுறாங்கன்னும் கேட்டுக்கங்க. சௌராஷ்டிரா பேசுற வீடா இருந்தா அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் மூணாவது மொழி, அதை மறந்துட்டு மெல்லக் கத்துக்குற பிள்ளைன்னு முத்திரை குத்துறது ரொம்ப அநியாயம்.

தெரிஞ்ச விஷயத்துல ஆரம்பிங்க

அமெரிக்காவுல 1988ல ஒரு ஆய்வு வந்துச்சு, பேஸ்பால் ஆட்டத்தப் பத்தி ஒரு பத்திய ஸ்கூல் பிள்ளைகளுக்குக் குடுத்துப் பாத்தாங்க. வாசிப்புல வீக்கா இருந்தாலும் ஆட்டம் நல்லாத் தெரிஞ்ச பிள்ளைக, வாசிப்புல கெட்டியா இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகள விட நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நமக்கு இதுல பெரிய பாடம் இருக்கு. அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு ஜல்லிக்கட்டப் பத்தி இங்கிலீஷ் பேப்பர்ல வந்த செய்தி, திருப்புவனம் சைடு பிள்ளைக்கு கீழடி, கிரிக்கெட் பைத்தியத்துக்கு ஸ்கோர் ரிப்போர்ட், இப்படி ஏற்கெனவே தலைக்குள்ள இருக்குற விஷயத்துல இருந்து தொடங்குங்க.

அப்பா பைக் ஒர்க்‌ஷாப் வச்சுருக்குற ஒரு எட்டாவது பையனுக்கு டெக்ஸ்ட்புக்குல ஒரு வரி முழுசா ஓடாது. அவனுக்கு டூவீலரோட வர்ற ஓனர்ஸ் மேனுவல்ல செயின் பத்துன பக்கத்தக் குடுத்தோம். லூப்ரிகேட், டென்ஷன், ஸ்லாக்னு இருக்குற வார்த்தைய எல்லாம் எழுத்துக்கூட்டி பாதி வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டான், ஏன்னா அடுத்து என்ன வரும்னு அவன் கைக்குத் தெரியும். கடைசியில மேனுவல்ல சொல்லாம விட்டது என்னன்னு நமக்கே சொல்லிக் குடுத்தான், அதத் தமிழ்ல சொல்லச் சொல்லி ரெண்டு பேரும் சேந்து இங்கிலீஷ்ல மூணு வரியா எழுதுனோம். அந்த மூணு வரி அவனுக்கு அடுத்த நாள் வாசிப்புப் பாடம். கதைதான் வாசிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. சமையல் குறிப்பு, மேட்ச் ரிப்போர்ட், பஸ் டிக்கெட் புக்கிங் பக்கம், மருந்து அட்டையில இருக்குற எச்சரிக்கை, எல்லாமே வாசிப்புதான்.

எவ்வளவு கஷ்டம்னு அளக்குறது

கம்ப்யூட்டர்ல எம்எஸ் வேர்டுல ரீடபிலிட்டி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஃப்ளெஷ்-கின்கெய்ட் கிரேடுன்னு ஒரு நம்பர் காட்டும். ருடால்ஃப் ஃப்ளெஷ்ங்குறவரு 1948ல போட்ட ஃபார்முலாவுல இருந்து வந்தது. வாக்கியம் எவ்வளவு நீளம், வார்த்தையில எத்தன அசைன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஒரு மொத வடிகட்டியா வச்சுக்கங்க, தீர்ப்பா எடுத்துக்காதீங்க. சின்ன வார்த்தையா இருந்தாலும் 'கிவ் அப்', 'புட் அப் வித்' மாதிரி ரெண்டு மூணு சேந்து வேற அர்த்தம் குடுக்குற எடத்துல நம்ம பிள்ளைக விழுந்துருவாங்க, ஃபார்முலாவுக்கு அது ஈசி.

அதனால கண்ணால பாருங்க. ஹீ, ஷீ, தே, இட்னு வர்றப்ப யாரச் சொல்லுதுன்னு உடனே தெரியுதா? கதை இன்னைக்கு நடக்குறதா, இல்ல நடுவுல பத்து வருசம் பின்னாடி போயிட்டு வருதா? ஒரே பக்கத்துல எத்தன புதுப் பேரு? பேச்சு யாரோடதுன்னு ஒவ்வொரு தடவையும் எழுதிருக்கா? இதுல எல்லாம் ஒழுங்கா இருக்குற கதை, நம்பர் கொஞ்சம் கூட காட்டுனாலும் ஓடிரும்.

வெளிநாட்டுல ஹை-லோ புக்னு ஒரு வகையே இருக்கு, விஷயம் பெரிய பிள்ளைகளுக்கு, மொழி சின்னதா. எடின்பரோவுல 1998ல தொடங்குன பாரிங்டன் ஸ்டோக்ங்குற பதிப்பகம் டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்காகவே இதச் செய்யுது, எந்த வயசுக்காரங்களுக்குப் பிடிக்கும், எந்த வயசு வாசிப்பு வேணும்னு ரெண்டையும் தனித்தனியா சொல்லுவாங்க. நம்ம ஊருக்கு விலை கட்டுபடியாகாது, ஆனா அந்த ரெண்டு நம்பர் யோசனைய சும்மா எடுத்துக்கலாம். உங்க கையில இருக்குற ஒவ்வொரு புக்குக்கும் உள்பக்கத்துல பென்சில்ல ரெண்டையும் எழுதி வைங்க.

யாரோட கதை

இதுலதான் ரொம்ப நேரம் செலவழிக்கணும்னு நான் நெனைக்கிறேன். நம்ம வகுப்புல ஒரே பெஞ்சுல காஜிமார் தெருப் பையன், மகால் பக்கத்து சௌராஷ்டிரா வீட்டுப் பொண்ணு, ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து வர்ற பிள்ளை, ஊருல சேரிங்குற பேரக் கேட்டே வளந்த பிள்ளை, கட்டட வேலைக்கு வடநாட்டுல இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைன்னு இருக்காங்க, ஆனா இங்கிலீஷ் புக்கத் தொறந்தா டாமும் மேரியும் பனியில விளையாடுறாங்க. அமெரிக்கப் பேராசிரியை ரூடின் சிம்ஸ் பிஷப் 1990ல எழுதுனது ஒண்ணு உண்டு, புத்தகம் பிள்ளைக்குக் கண்ணாடியாவும் இருக்கணும், ஜன்னலாவும் இருக்கணும்னு. பனியும் வேணும், வேணாங்கல. தன் தெருவும் ஒரு தடவையாச்சும் இங்கிலீஷ்ல வரணும்ல.

ஸ்பெஷல் நீட்ஸ் பிள்ளைகளுக்கு இது ரெண்டு மடங்கு. அவங்களப் போல ஒருத்தர் கதையில வந்தா ஒண்ணு பாவமா இருப்பாங்க, இல்லன்னா எல்லாத்தையும் ஜெயிச்ச சாதனையாளரா இருப்பாங்க. நடுவுல சாதாரணமா கோவப்படுற, நண்பனோட சண்ட போடுற, தப்புப் பண்ற ஆளாவே வர்றதில்ல. நான் வச்சுருக்குற சோதனை சின்னதுதான். அந்தக் குறைபாட்ட எடுத்துட்டுப் பாத்தா அந்த ஆளுகிட்ட வேற ஏதாச்சும் மிச்சம் இருக்கா? ஆசை, குறும்பு, ஒரு வேலை, ஒரு எதிரி? மிச்சம் ஒண்ணும் இல்லன்னா அந்தக் கதை நம்ம பிள்ளைக்கு நல்லது பண்ணாது. அடுத்ததா, பிரச்சினைய யாரு தீக்குறாங்கன்னு பாருங்க. எப்பப் பாத்தாலும் நல்ல மனசுள்ள டாக்டரோ டீச்சரோ வந்துதான் தீக்குறாங்கன்னா வேற கதை தேடுங்க.

உதாரணத்துக்கு டக்பில் பதிப்பகம் போட்ட 'சிம்ப்ளி நஞ்சு'. பெங்களூர்ல ஒரு ஸ்கூல், நடை கொஞ்சம் வேற மாதிரி இருக்குற பையன், காணாமப் போற நோட்டுகள யாரு எடுக்குறாங்கன்னு கண்டுபிடிக்கப் போறான், கூட வீல்சேர்ல நண்பன். குறைபாடு கதைக்குள்ள இருக்கு, ஆனா கதை துப்பறியுற கதை. ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்கு சரியா இருக்கும். பெரிய பிள்ளைகளுக்கு நவயானா 2011ல போட்ட 'பீமாயணா' இருக்கு, அம்பேத்கரோட வாழ்க்கைய கோண்டு பழங்குடி ஓவியக்காரங்க வரைஞ்ச கிராஃபிக் புக், அதாவது படக்கதை. மனசக் குத்துற பேச்சு வர்ற பலூனுக்கு தேள் கொடுக்கு இருக்கும், மென்மையான பேச்சு பறவை வடிவத்துல இருக்கும். யாரு எந்த மாதிரி பேசுறாங்கன்னு குரல்ல பிடிக்க முடியாத பிள்ளைக்கு இது கண்ணுலயே தெரியும். ஆனா ஒண்ணு, கட்டம் கட்டமா இருக்காது, படம் பக்கம் முழுக்கச் சுத்திப் போகும், வரிய விட்டுட்டுத் தாவுற பிள்ளைக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு திணறும். அப்படிப்பட்ட பிள்ளையோட நீங்க விரல் வச்சு கூடவே போங்க.

நம்ம ஊருலயே ஆள் இருக்காங்க. மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா, 2022 மே மாசம் பிரேசில்ல நடந்த டெஃப்லிம்பிக்ஸ்ல (காது கேக்காதவங்களுக்கான ஒலிம்பிக்ஸ்) பேட்மிண்டன்ல 3 தங்கம் வாங்குனாங்க. அதப் பத்தி இங்கிலீஷ் பேப்பர்ல வந்த மேட்ச் ரிப்போர்ட்டாப் பாத்து எடுங்க, கண்ணீர் வர வைக்கிற கட்டுரைய விட பாயிண்ட் பாயிண்ட்டா ஆட்டத்தச் சொல்றதுதான் நல்லா வேலை செய்யும். பத்தாவது டெக்ஸ்ட்புக்குலயே 'டெக் ப்ளூமர்ஸ்'னு ஒரு பாடம், குறைபாடு இருக்குறவங்க டெக்னாலஜிய எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு. அதையும் இந்த ரிப்போர்ட்டையும் சேத்து எடுத்தா போர்ஷனும் முடிஞ்ச மாதிரி ஆச்சு.

குடுக்குறதுக்கு முன்னாடி கடைசி பக்கம் வரைக்கும் நீங்க வாசிச்சுருங்க, இதுல மட்டும் குறுக்கு வழி கிடையாது. அப்பா குடிச்சுட்டு அடிக்கிற காட்சி, போரு, பெத்தவங்க சாவுறதுன்னு வந்தா வகுப்புல யாருக்கு அது வீட்டு விஷயம்னு யோசிங்க. முகாம்ல இருந்து வர்ற பிள்ளைக்குப் போர்க்கதை வேணாம்னு நீங்களா முடிவு பண்ணவும் வேணாம், முன்னாடியே தனியா கூப்ட்டு இந்த மாதிரி வரும், வாசிக்கலாமா, வேற எடுக்கலாமான்னு கேளுங்க. அதே மாதிரி ஒரு சாதியோட, ஒரு மதத்தோட கதைய வாசிச்சுட்டு அந்தப் பிள்ளைய எந்திரிக்கச் சொல்லி உங்க வீட்ல எப்படின்னு ஒருநாளும் கேக்காதீங்க. சொல்லணும்னு தோணுனா அதுவே சொல்லும்.

எந்த வடிவத்துல குடுக்குறது

நல்ல கதையா இருந்தும் பொடி எழுத்துல மங்கலா ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தா எல்லாம் போச்சு. பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் சொல்றது இதுதான்: ஏரியல், வெர்டானா மாதிரி கொக்கி இல்லாத எழுத்து, 12ல இருந்து 14 சைஸ், வரிக்கு நடுவுல ஒண்ணரை இடைவெளி, இடது பக்கம் மட்டும் நேரா, வலது பக்கம் விட்டுருங்க, வெள்ளவெளேர்னு இல்லாம க்ரீம் கலர் பேப்பர். டிஸ்லெக்ஸியாவுக்குன்னே தனி ஃபான்ட் இருக்குன்னு தேடிப் போக வேணாம், அதுனால வாசிப்பு கூடுதுன்னு உறுதியான ஆதாரம் இல்ல, எழுத்தும் வரியும் தள்ளித் தள்ளி இருந்தாலே பாதி சுமை இறங்கிரும்.

நான் ஒரு பக்கத்த எப்படி மாத்துவேன்னா, மொதல்ல மூணு துண்டாப் பிரிப்பேன், ஒவ்வொரு துண்டுக்கு மேலயும் இதுல என்ன நடக்குதுன்னு ஒரு வரி. ஹீ, ஷீ குழப்பம் வர்ற எடத்துல பேரையே திரும்பப் போட்டுருவேன். நீள வாக்கியத்த ரெண்டா வெட்டுவேன், ஆனா 'பிகாஸ்', 'பட்' மாதிரி இணைப்பு வார்த்தைய மட்டும் வெட்ட மாட்டேன், ஏன்னா அத எடுத்துட்டா எதுக்காக அது நடந்துச்சுங்குறது காணாமப் போயிரும், வாக்கியம் சின்னதாகும், புரியுறது கஷ்டமாகும். கதையில நல்லா இருக்குற ஒரு வரிய, எழுத்தாளர் எழுதுன மாதிரியே, தொடாம விட்டுருவேன். எளிமையாக்குறேன்னு எல்லாத்தையும் உரிச்சுட்டா பிள்ளைக்கு சுவையே தெரியாது.

பார்வை கம்மியா இருக்குற பிள்ளைக்கு 18 சைஸ், இல்ல அதுக்கும் மேல, கேட்டு முடிவு பண்ணுங்க. காது கேக்காத பிள்ளைக்கு ஆடியோ கிடையாது, அவங்கள்ல நிறைய பேரு சைகை மொழியில யோசிச்சு இங்கிலீஷ வாசிக்கிறாங்க, படமும் கிராஃபிக் புக்கும் சப்டைட்டிலோட சின்ன வீடியோவும் நல்லா உதவும். ஏடிஎச்டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்குற) பிள்ளைக்கு ரெண்டு மூணு பக்கத்துல முடியுற அத்தியாயம், ஒவ்வொண்ணும் ஏதோ ஒண்ணு நடந்து முடியணும். ஆட்டிசம் பிள்ளைக்கு தகவல் புக்ல ஆரம்பிச்சுட்டு மெல்லக் கதைக்கு வரலாம். அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருக்குற பிள்ளைக்கு வாக்கியம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் படம் சின்னப்பிள்ளை படமா இருக்கக் கூடாது. பதினஞ்சு வயசு ஆள் பஸ்ல போறது, கடையில மிச்சக் காசு வாங்குறதுன்னு போட்டோவோட நீங்களே பண்ணிரலாம்.

லேப்டாப்ல எட்ஜ் பிரவுசர்ல இம்மர்சிவ் ரீடர்னு இருக்கு, வாசிச்சுக் காட்டும், எழுத்தப் பெருசாக்கும், ஒரு வரிய மட்டும் காட்டி மத்தத மறைக்கும், காசு கிடையாது. காப்பிரைட் பயம் வரும். நம்ம காப்புரிமைச் சட்டத்துல 2012ல கொண்டு வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் வாசிக்கிற வடிவத்துக்கு ஒரு நூலை மாத்திக் குடுக்க அனுமதிக்குது. அந்தப் பிள்ளையோட படிப்புக்காகப் பண்ணுங்க, எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்றதுக்கு இல்ல.

எங்க கிடைக்கும்

பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் 2015ல இருந்து இருக்கு, இலவசம், நாலு லெவல்ல பிரிச்சுருக்காங்க, நிறைய கதை தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கும், டவுன்லோட் பண்ணி நீங்களே மாத்தியும் அமைக்கலாம். அதுல மூணாவது, நாலாவது லெவல் சயின்ஸ் கதைகளப் பாருங்க, பெரிய பிள்ளைகளுக்குக் கூச்சம் வராது. பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்கு சுகம்ய புஸ்தகாலயான்னு 2016ல தொடங்குன ஆன்லைன் லைப்ரரி இருக்கு, பதிவு பண்ணி வைங்க. நத்தம் ரோட்டுல 2023 ஜூலைல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கு, சனிக்கிழமை பிள்ளைகளையும் அவங்க அம்மாவையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. சிம்மக்கல் பக்கத்துல இருக்குறவங்க அங்க உள்ள மைய நூலகத்துக்குப் போகலாம். தமுக்கத்துல புத்தகத் திருவிழா வர்றப்ப துலிகா, தாரா மாதிரி சென்னைப் பதிப்பகங்க புக்கு கண்ணுல பட்டா நின்னு புரட்டிப் பாருங்க, ஆன்லைன்ல பாத்து வாங்குனா எழுத்து சைஸ் தெரியாது.

பிள்ளை கையில விடுங்க

அஞ்சு ஆறு புக்க டேபிள்ல பரப்பி வைங்க, ஒவ்வொண்ணையும் ஒரு நிமிசம் புரட்டட்டும், ரெண்ட எடுக்கட்டும், பத்து நிமிசம் வாசிக்கட்டும். ஒரு பக்கத்துல அஞ்சு வார்த்தைக்கு மேல தெரியலன்னா தனியா வாசிக்க அது கஷ்டம், ஆனா ரொம்பப் பிடிச்சுருந்தா ஆடியோவோடவோ நண்பனோடவோ வாசிக்கக் குடுங்க, பிடுங்காதீங்க. பிடிக்கலன்னா பாதியில வச்சுட்டுப் போற உரிமையும் பிள்ளைக்கு உண்டு. ஏன் பிடிக்கலன்னு மட்டும் கேட்டு எழுதி வச்சுக்கங்க. முக்கியமா அதே புக்குகள வகுப்புல எல்லாரும் எடுக்குற மாதிரி வைங்க, ஸ்பெஷல் பிள்ளைகளுக்குன்னு தனி அலமாரி வச்சீங்கன்னா அந்த அலமாரிப் பக்கமே ஒருத்தரும் வர மாட்டாங்க.

எச்எம் கிட்டயும் வீட்டுலயும்

எப்படியும் மொழிப்பாட விலக்கு இருக்கே, இவனுக்கு எதுக்கு இங்கிலீஷ்னு சொல்றவங்க உண்டு. விலக்கு பரிட்சைக்குத்தான். ஏடிஎம், ஹாஸ்பிட்டல் போர்டு, வேலைக்கு அப்ளிகேஷன், இதுக்கெல்லாம் எந்த விலக்கும் கிடையாதுன்னு பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. போர்ஷன் முடியலன்னு எச்எம் கேப்பாங்க, அதனால நீங்க எடுக்குற ஒவ்வொரு வெளிப் பாடத்துக்கும் டெக்ஸ்ட்புக்ல எந்த யூனிட்டோட சேருதுன்னு நோட்ஸ் ஆஃப் லெசன்ல எழுதிருங்க. அம்மா அப்பா வந்தா புக்கக் கையில குடுத்து, உங்க பிள்ளை இதத்தான் வாசிக்குதுன்னு காட்டுங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியலன்னாலும் பரவால்ல, ராத்திரி அஞ்சு நிமிசம் பிள்ளை கதைய தமிழ்ல சொல்லும், நீங்க கேளுங்கன்னு மட்டும் சொன்னா போதும், பெரும்பாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

வருசக் கடைசியில, எந்தப் பிள்ளை எத வாசிச்சுச்சு, எந்த சைஸ்ல, ஆடியோ வேணுமா வேணாமா, எது ஓடல, இதெல்லாம் பிள்ளைக்கு ஒரு பக்கம்னு எழுதி அடுத்த வகுப்பு டீச்சர் கையில நேர்ல குடுத்துருங்க. ஸ்கூல் மாறுற பிள்ளையா இருந்தா ஒரு காப்பி அம்மாகிட்டயும் குடுங்க, டிசியோட சேத்து வச்சுக்கச் சொல்லுங்க.